இரண்டாவதாகச் சிரித்தவன்

காலை ஒன்பதரை மணிக்குக் கன்னியப்பன் வந்து கதவைத் தட்டினான். பிரசன்னா விழித்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. எழுந்திருக்கத்தான் காரணம் எதுவும் அகப்படவில்லை.

“இன்னா மாப்ளே, ஞாயித்துக்கெயம அதுவுமா இப்புடி கெடக்குற? ரெண்டரைக்கு ஷோ. இந்தா டிக்கெட்டு.”

“நான் வரலை மச்சான்.”

“போன வாரமும் இத்ததான் சொன்ன.”

“இந்த வாரமும் அதான் சொல்றேன்.”

கன்னியப்பன் டிக்கெட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஊறுகாய் பாட்டிலை வைத்தான். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தான். ஒரு மாவுப் பாக்கெட்டும் அரை எலுமிச்சம்பழமும் இருந்தன. மூடினான்.

“தோ பாரு. நீ வந்து குந்து. அயுவாத, சிரிக்காத, கை தட்டாத. சும்மா குந்து. ஸ்டேஜ்லேந்து பாத்தா நீ தெரியணும், அவ்ளோதான். ஜி வரிசை, பன்னெண்டு.”

கன்னியப்பன் பிரசன்னாவின் மனைவி தாட்சாயிணியின் அண்ணன். நெமிலிச்சேரியில் தண்ணீர் கேன் போடுகிறவன். நாடகத்தில் அவனுக்கு ஒன்பது வருடமாக ஒரே வேடம். ‘ஏரிநாச்சி’ என்ற இசை நாடகத்தில் பன்னிரண்டாவது சிப்பாய். வசனம் கிடையாது, பாட்டுக் கிடையாது. கடைசிக் காட்சியில் நடந்து வர வேண்டும், குனிய வேண்டும், போக வேண்டும். ஆனால் ஊரெல்லாம் பேசுவது அந்த நடையைப் பற்றித்தான்.

“வர்ற. ஒயுங்கா வர்ற” என்று சொல்லிவிட்டு வெளியே போனான். வாசலில் சற்று நேரம் எடுத்துக்கொண்டான். பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு லிஃப்ட் இறங்கும் சத்தம்.

காட்டுப்பாக்கத்தில் அந்த ஃபிளாட்டின் கதவுக்கு வெளியே மூன்று தட்டுள்ள ஒரு செருப்பு ஸ்டாண்ட் இருந்தது. மேல்தட்டில் பிரசன்னாவின் ஷூ. நடுத்தட்டில் குடை. கீழ்த்தட்டை அவன் பார்ப்பதில்லை. ஷூவை எடுப்பான், நிமிர்ந்துவிடுவான். பதினான்கு மாதமாகப் பழகிய பழக்கம். வீடு பெருக்க வரும் அம்மா ஒருநாள், “தம்பி, கீழ இருக்கிற அந்தப் பழைய ஜோடியைத் தூக்கிப் போட்டுரவா?” என்று கேட்டார். “வேண்டாம்” என்றான். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை.

தாட்சாயிணிக்குக் காய்ச்சல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை அவள் இல்லை. முப்பத்தொரு வயது. அவ்வளவுதான் அதில் சொல்ல இருப்பது. கேட்டவர்களுக்கெல்லாம் அவன் இதே மூன்று வாக்கியங்களைச் சொன்னான். பிறகு அலுவலகத்துக்குப் போனான். சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. ஒன்றிரண்டு மாதம் முன்னைவிட நன்றாகவே செய்தான். மேலாளர் பாராட்டினார். அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தான் முழு ஆளும்.

ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் டிக்கெட்டின் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ‘ஏரிநாச்சி’ முதன்முதலாக அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எழுதி இயக்கியவர் நடேசன். தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மேடையில் எழுபது பேர். பாட்டுக்காரர்களும் வாத்தியக்காரர்களும் தனி. ஏரியின் மதகைக் காத்து நின்று செத்துப்போன ஒரு பெண்ணின் கதை. படை வந்து மதகை உடைக்கச் சொல்கிறது, அவள் மறுக்கிறாள், கொல்கிறார்கள். கடைசிக் காட்சியில் அவள் கரைமேல் கிடக்கிறாள். பாட்டு நின்றுவிடும், வாத்தியம் நின்றுவிடும். அவளைக் கொன்ற படையிலிருந்து பன்னிரண்டு சிப்பாய்கள் ஒவ்வொருவராக வந்து ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள். ஈட்டி வைக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கூடாது என்பது நடேசனின் உத்தரவு.

மேடைக்குச் செருப்போடு யாரும் ஏற மாட்டார்கள். ஏறும்போதே பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் அவர்கள். அன்று இடைவேளையில் கன்னியப்பன் மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கப் போனான். மழை பெய்து சகதியாக இருந்தது. பின்வாசலில் கிடந்த செருப்பு ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது மணி அடித்துவிட்டது. ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வரிசையில் நின்றான். குனிந்து பார்க்கவில்லை.

பிரசன்னா அப்போது ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். நாமக்கல்லிலிருந்து வந்து வேலையில் சேர்ந்து ஐந்தாவது மாதம். அறை நண்பன் வர முடியாததால் அவன் டிக்கெட்டில் வந்திருந்தான். முன் வரிசையில் ஒரு பெண் இடைவேளை முடிந்து வெறுங்காலோடு திரும்பி வந்து உட்கார்ந்ததை மட்டும் கவனித்தான். அண்ணனுக்குத் தலைப்பாகையைக் குத்திவிடப் பின்வாசல் வழியாகப் போனவள், திரும்பும்போது செருப்பைக் காணாமல் தேடிவிட்டு அப்படியே வந்துவிட்டாள் என்பது பிறகு தெரிந்த கதை.

பதினோரு ஈட்டி விழுந்தது. எண்ணூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம். சப். சப். சப். பலகை மேல் ஹவாய் செருப்பு. பன்னிரண்டாவது சிப்பாய் நடுமேடையில் நின்றான். குனிந்து பார்த்தான். ரோஸ் நிறம், ஒவ்வொரு வாரிலும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பூ. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டையும் கழற்றி நாச்சியின் காலடியில் வைத்தான். ஈட்டியையும் வைத்தான். வெறுங்காலோடு உள்ளே போனான்.

முன் வரிசைப் பெண் தன் செருப்பை அடையாளம் கண்டுகொண்டாள். குக்கர் விசில் அடிப்பதற்கு முன் ஒரு திணறல் வருமே, அப்படித் தொடங்கி, அடக்க முடியாமல் பீறிட்டுச் சிரித்தாள். எண்ணூறு பேர் நடுவில் ஒற்றைச் சிரிப்பு. பிரசன்னா செருப்பைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அவளுடைய சிரிப்பைக் கேட்டுத்தான் சிரித்தான். அதற்குப் பிறகு மண்டபமே சிரித்தது. செத்துக் கிடந்த நாச்சியின் வயிறு குலுங்கியதைக் கடைசி வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

“அந்த ரெண்டு செகண்டு இருக்கே” என்று தாட்சாயிணி பிற்பாடு சொல்வாள், “ஒத்தையா சிரிச்சுக்கினு. பூமி பொளந்து உள்ள போயிட்டா தேவலன்னு இருந்துச்சு. அப்பதான் பின்னாலேந்து நீ சிரிச்ச. மூச்சே அப்பறம்தான் வந்துச்சு.”

நடேசன் அன்று கன்னியப்பனை மூங்கில் கழியோடு பார்க்கிங் வரைக்கும் துரத்தினார். மறுநாள் யாரோ ஒருவர் முகநூலில் நீளமாக எழுதியிருந்தார். அந்த வீரன் காலணியைக் கழற்றி அவள் பாதத்தில் வைத்த கணத்தில் ஓர் அரசாங்கமே தலை குனிந்தது என்று எழுதியிருந்தார். சிலர் புரியாமல் சிரித்ததுதான் வருத்தம் என்றும் எழுதியிருந்தார். நடேசன் அதை நாலு தடவை படித்தார். கன்னியப்பனைக் கூப்பிட்டு, “அதையே செய்டா. ஆனா தோல் செருப்பு. சத்தம் வரக் கூடாது” என்றார். அடுத்த காட்சியிலிருந்து அந்த இடத்தில் சனங்கள் அழத் தொடங்கினார்கள்.

அடுத்த வருடம் பிரசன்னாவுக்கும் தாட்சாயிணிக்கும் கல்யாணம். இரண்டு வீட்டிலும் சாதியைச் சொல்லிச் சண்டை. கன்னியப்பன்தான் நின்று முடித்துவைத்தான். “எஞ்செருப்பால ஆன கல்யாணம்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். “எஞ்செருப்பு” என்று தாட்சாயிணி திருத்துவாள். அந்த ஜோடியை அவள் தூக்கிப் போடவில்லை. மாடியில் துணி காயப்போடப் போகும்போது மட்டும் போட்டுக்கொள்வாள். வார் இரண்டு தடவை அறுந்து மாற்றியாயிற்று. ஒன்றில் வெள்ளை வார், மற்றதில் நீலம். பூவில் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது.

இப்போது ‘ஏரிநாச்சி’யை மறுபடி போடுகிறார்கள். நடேசனுக்கு வயதாகிவிட்டது, மகள் வீட்டில் இருக்கிறார். கலைவாணி என்ற முப்பத்தைந்து வயதுப் பெண் இயக்குகிறாள். ஆவடி போகும் சாலையில் ஒரு பெரிய கல்லூரி அரங்கம், ஆயிரத்து அறுநூறு இருக்கை. மேடையில் தொண்ணூறு பேர். பின்னால் திரை முழுக்க ஏரி அலையடிக்கும். பழைய ஆட்களில் கன்னியப்பன் மட்டும்தான் மிச்சம். மூன்று வாரம், சனி ஞாயிறு இரண்டு வேளை. இது இரண்டாவது ஞாயிறு.

பிரசன்னா போகவில்லையே தவிர, அரங்க வாசலில் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்கும் வீடியோக்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். சாப்பிடும்போது பார்த்தான், சாப்பிடாமலும் பார்த்தான். “செருப்பு சீன்ல தொண்டை அடைச்சிருச்சு.” “என் பையன் பத்தாவது படிக்கிறான், அவனே அழுதுட்டான்.” “கர்ச்சீஃப் இல்லாம போகாதீங்க.” ஒரு பெரியவர் பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். முப்பத்தொரு வீடியோ. அந்த இடத்தில் சிரிப்பு வந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அதுதான் அவனை உறுத்தியது. அங்கே ஒருத்தி சிரித்திருக்கிறாள். அந்தக் காட்சியே அவள் காலிலிருந்து கழன்று வந்தது. அது இப்போது உலகத்தில் நினைவிருப்பது கன்னியப்பனுக்கும் அவனுக்கும் மட்டும்தான். ஆயிரத்து அறுநூறு பேர் காட்சிக்குக் காட்சி உட்கார்ந்து அவளுடைய சிரிப்பின் மேல் அழுகிறார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த இடத்தில் யாராவது சிரிக்க வேண்டும். வேறு யார் சிரிப்பார்கள்?

போன புதன்கிழமை குளியலறையில் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தான். இருமல் மாதிரி வந்தது. மறுபடி முயன்றான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி, “என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஊறுகாய் பாட்டிலை நகர்த்தி டிக்கெட்டை எடுத்தான். குளித்தான். வாசலில் மேல்தட்டிலிருந்து ஷூவை எடுத்து, நிமிர்ந்து, கதவைப் பூட்டினான்.

பூந்தமல்லியில் போக்குவரத்து நெரிசல். வண்டியை நிறுத்திவிட்டு அரங்கத்துக்குள் போனபோது முதல் மணி அடித்துவிட்டது. ஜி பன்னிரண்டு நடைபாதையை ஒட்டிய இடம். பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள், பட்டுப்புடவை, மடியில் டிஷ்யூ பெட்டி.

“முதல் தடவையா தம்பி?”

“இல்லம்மா. பழசைப் பார்த்திருக்கேன்.”

“பழசா? அதைவிட இது பிரமாதம்பா. நான் மூணாவது தடவை. எங்க வீட்டுக்காரர் ரெண்டாவது தடவையே வரமாட்டேன்னுட்டார், தாங்கலையாம்.” பெட்டியிலிருந்து நாலு டிஷ்யூ உருவி அவன் கையில் வைத்தார். “வெச்சுக்க. தேவைப்படும்.”

அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நாடகம் நன்றாகத்தான் இருந்தது. மதகுப் பாட்டு வந்தபோது மேல்மாடியிலிருந்து விசில் பறந்தது. “ஒன்ஸ்மோர்” என்று கத்தினார்கள். நாச்சியாக நடித்த பெண் மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பாடினாள். பின்னால் ஒருவர் ஒவ்வொரு பாட்டுக்கும் தாளம் போட்டு அவன் இருக்கையை உதைத்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் எல்லோரும் சமோசா வாங்கப் போனார்கள். அவன் உட்கார்ந்தே இருந்தான். தான் இங்கே இருப்பதைக் கன்னியப்பன் பார்த்திருப்பானா என்று ஒரு தடவை யோசித்தான்.

கடைசிக் காட்சி வந்தது. திரையில் ஏரி அசையாமல் நின்றது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. புதிய தயாரிப்பில் மேடைத் தரையிலேயே மைக் பொருத்தியிருந்தார்கள். முதல் ஈட்டி விழுந்த சத்தம் அடிவயிற்றில் கேட்டது.

இரண்டு. மூன்று. பக்கத்து அம்மாள் அப்போதே மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிட்டார்.

ஏழாவது ஈட்டியில் பிரசன்னா தயாரானான். வாயைத் திறந்து வைத்துக்கொண்டான். எட்டு. ஒன்பது. அவளுடைய முன் வரிசைத் தலையை நினைத்துப் பார்த்தான், பின்னல், கனகாம்பரம். தொண்டையில் எதுவும் அசையவில்லை. பத்து. ஒரு சத்தமாவது போடு என்று தன்னைத் தானே அதட்டினான். பதினொன்று. வராது என்று தெரிந்துவிட்டது. அரங்கமே அழப் போகிறது. அவன் ஒருவன்தான் அதற்கும் இல்லை, இதற்கும் இல்லை என்று உட்கார்ந்திருக்கப் போகிறான்.

சப்.

காது அதை அவனுக்கு முன்னால் புரிந்துகொண்டது.

சப். சப்.

பன்னிரண்டாவது சிப்பாய் விளக்கு வட்டத்துக்குள் வந்தான். மார்க்கவசம், தலைப்பாகை, ஈட்டி. காலில் ரோஸ் ஹவாய். ஒரு வார் வெள்ளை, ஒரு வார் நீலம். அரைச் செருப்பு அளவுக்குக் குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தரை மைக்கில் ஒவ்வோர் அடியும் அறை விழுவது போல் கேட்டது. கன்னியப்பன் முகத்தை மிக மிகச் சோகமாக வைத்துக்கொண்டிருந்தான்.

பிரசன்னா சிரித்தான்.

தானாக வந்தது. முதலில் ஒரு திணறல், பிறகு உடைந்து கொட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டான். சத்தம் அவ்வளவு பெரியதாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பதினான்கு மாதச் சத்தம்.

ஒரு செகண்டு. இரண்டு செகண்டு.

யாரும் சேரவில்லை.

மூன்று. ஆயிரத்து அறுநூறு பேரின் அமைதி நாலு பக்கமும் சுவராக நின்றது. அவன் சிரிப்பு அதில் மோதி அவனிடமே திரும்பி வந்தது. “டேய், எவன்டா அவன்?” என்றது பின்வரிசை. “வெளிய போடா லூசு.” பக்கத்து அம்மாள் நனைந்த முகத்தோடு திரும்பி, “ஏம்பா, நீ மனுசன்தானா?” என்றார். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். நிறுத்தத் தெரியவில்லை. தாட்சாயிணிக்கு இரண்டு செகண்டுதான். அதற்கே பூமி பிளக்க வேண்டும் என்றாள். இது நீண்டுகொண்டே போனது.

மேடையில் கன்னியப்பன் செருப்பைக் கழற்றி நாச்சியின் காலடியில் வைத்தான். ஒன்று கவிழ்ந்துவிட்டது. கவிழ்ந்த செருப்பைப் பார்த்தால் வீட்டில் எப்படி யாரும் சும்மா போக மாட்டார்களோ அப்படி, இரண்டடி போனவன் திரும்பி வந்து அதை நிமிர்த்தி வைத்தான். ஈட்டியை வைத்தான். வெறுங்காலோடு இருட்டுக்குள் போனான்.

பிறகு கோரஸ் எழுந்தது. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. பிரசன்னாவின் சிரிப்பு அந்தச் சத்தத்துக்குள் எங்கோ முடிந்துபோயிற்று.

வாசலில் மைக்கோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கல்லூரி முடித்து ஒரு வருடம் இருக்கும். முதலில் அந்தப் பட்டுப்புடவை அம்மாள் பேசினார்.

“எல்லாம் தெய்வீகமா இருந்துச்சும்மா. ஒரே ஒரு ஆள் மட்டும் கடைசியில சிரிச்சான். அவனைப் பெத்தவங்களைத்தான் சொல்லணும்.”

அடுத்து ஒரு தாடிக்கார இளைஞன். “போன வாரம் தோல் செருப்பு. இந்த வாரம் லேடீஸ் ஹவாய், கவனிச்சீங்களா? வார் வேற வேற கலர். ஏழைப் பொண்ணோட செருப்பை அரசாங்கம் மாட்டிட்டு வந்து திருப்பிக் கொடுக்குது. என்னா டீட்டெயிலிங்! டைரக்டர் வேற லெவல்.”

கூட்டம் நகர்ந்ததில் பிரசன்னா மைக்குக்கு எதிரில் வந்து நின்றான்.

“சார், ஒரு வார்த்தை. நாடகம் எப்படி இருந்துச்சு?”

“சிரிச்சது நான்தான்.”

“சார்?”

“அந்த சீன்ல சிரிச்சது நான்தான்.”

“ஐயோ, ஏன் சார்?”

“அது என் பொண்டாட்டி செருப்பு.”

அந்தப் பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். மைக்கும் சேர்ந்து குலுங்கியது. பிரசன்னா அவளை ஆவலோடு பார்த்தான். அவன் முகத்தில் என்ன கண்டாளோ, சிரிப்பைப் பாதியில் நிறுத்தி, “சாரி சார்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினாள்.

அரங்கத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரம், கன்னியப்பன் கவசத்தோடு குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் செருப்பு ஜோடி. கீழுதடு வீங்கி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“வாய்ல என்ன மச்சான்?”

“கடிச்சிக்கினேன்.”

“எப்ப?”

“நீ சிரிச்சப்ப.” கன்னியப்பன் அண்ணாந்து பார்த்தான். “இன்னா சிரிப்புடா அது, நைனா. எனுக்கு பீறிக்கினு வந்துட்ச்சு. நான் சிரிச்சன்னா அத்தோட காலி, ஒம்போது வருச வேசம். பல்லால புடிச்சேன் பாரு, கீச்சிட்ச்சு.”

பிரசன்னா அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து நாலு டிஷ்யூவையும் எடுத்துக் கொடுத்தான்.

“காலைல எடுத்தியா?”

“ஆமா. கேட்டா குடுப்பியா நீ? பதினாலு மாசமா உன் ஊட்டு வாசல்ல கீது. தாண்டித் தாண்டிப் போற. எனுக்கு அத்த பாக்கசொல்லல்லாம் பேஜாராவுது.” உதட்டை ஒற்றினான். “ரெண்டு வாரமா சனி ஞாயிறு ரெண்டு வேள அயுவுறானுங்க மாப்ளே. எந்தங்கச்சி அங்க அயுவல. சரி, ஒரு தபா அவளுதே போட்டுக்கினு போவோம், இன்னா ஆவுதோ ஆவட்டும்னு பூட்டேன்.”

பிரசன்னா செருப்பில் ஒன்றைக் கையில் எடுத்தான். குதிகால் பக்கம் காகிதம் போல் தேய்ந்திருந்தது. பெருவிரல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அதில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். மாடித் தளத்தின் சுண்ணாம்புத் தூசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கலைவாணி விறுவிறுவென்று வந்தாள். கழுத்தில் ஹெட்போன், கையில் ஃபோன்.

“கன்னியப்பன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எனக்கு உயிரே போயிருச்சு.”

“தப்புதான்மா. இனிமே வராத்தன்னா நின்னுக்கிறேன்.”

“நிக்க வேண்டாம்.” ஃபோனைப் பார்த்தாள். “வெளியில அதைப் பத்தித்தான் பேசறாங்க. எவனோ ஒருத்தன் சிரிச்சதைத் தவிர எல்லாமே நல்லா போயிருக்கு. இதே செருப்பே இருக்கட்டும், எல்லா ஷோவுக்கும். அடுத்த மாசம் கோயம்புத்தூர், அப்புறம் மதுரை. இது யாரோடது?”

கன்னியப்பன் பிரசன்னாவைக் காட்டினான். “எங்க மாப்ளயோடது.”

கலைவாணி அவன் கையிலிருந்த ரோஸ் செருப்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்தது, முழுதாக இல்லை. குரலைத் தணித்து, “தர முடியுமா சார்? முடியாதுன்னா பரவாயில்லை” என்றாள்.

மூன்று தட்டு ஸ்டாண்ட் அவன் கண்ணில் வந்தது. கீழ்த்தட்டு காலியாக இருந்தால் அதைப் பார்க்க முடியுமா என்று யோசித்தான். தெரியவில்லை. பிறகு அந்த ஒன்றைக் கீழே, அதன் ஜோடிக்குப் பக்கத்தில், நேராக வைத்தான்.

“கழுவிடாதீங்க” என்றான்.

“மாட்டோம்.”

“வார் அறுந்தா மாத்திக்கலாம். முன்னாடியும் மாத்தியிருக்கு.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கன்னியப்பன் டிஷ்யூவைக் கசக்கி எறிந்தான். “வா, டீ குடிப்போம். அப்பறம் ஊட்டுக்குப் போ. சாப்ட்டியா இன்னான்னு கேக்க மாட்டேன், பாத்தாலே தெர்து.”

“சாயந்திரம் ஆறரை ஷோவுக்கு ஒரு டிக்கெட் வேணும் மச்சான்.”

“எதுக்கு? இப்பதான உன்ன தொரத்தாத கொறயா வுட்டானுங்க.”

“நான் முதல்ல சிரிக்க மாட்டேன்.”

“பின்ன?”

“வேற யாராவது சிரிச்சா?”

“எவன் சிரிப்பான்? அதான் பாத்தியே. கல்லு மாரி குந்திக்கினு அயுவுறானுங்க.”

“சிரிச்சா?”

கன்னியப்பன் வீங்கிய உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். “கலைவாணியம்மாகிட்ட கேக்குறேன்” என்று சொல்லி எழுந்தான்.

ஆறரை மணிக் காட்சிக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தின வரிசை. இரண்டு பக்கமும் தெரியாத ஆட்கள். ஒரு பக்கம் வேப்பம்பட்டிலிருந்து பேருந்து வைத்து வந்திருந்த மகளிர் குழு. இன்னொரு பக்கம் ஒருவர் ஆரம்பத்திலிருந்தே தூங்கினார். மதகுப் பாட்டுக்கு விசில் பறந்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள், அவள் மறுபடி பாடினாள். பிரசன்னா இந்தத் தடவை கை தட்டினான்.

வாத்தியங்கள் அடங்கின. ஏரி அசையாமல் நின்றது. ஈட்டிகள் விழத் தொடங்கின. இருட்டில் தலைகள் மட்டும் தெரிந்தன, நூற்றுக்கணக்கில். அதில் எந்தத் தலை சிரிக்கும் என்று சொல்ல முடியாது.

பதினொன்றாவது ஈட்டி விழுந்தது. பிரசன்னா இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டான்.